இரத்தக் குழாயின் சுவரையும் கற்பிப்போம்



ஐந்தாம் ஆண்டு அறிவியலில் மனிதனின் இரத்த ஓட்ட மண்டலம் ஒரு பாடமாக வருகிறது. பாடம் முடிந்த பின்னர் மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து இரத்த ஓட்டத்தை வரையச் சொன்னால் பெரும்பாலோர் நன்றாகவே வரைந்துவிடுவர். நடுவில் இதயம், மேலே நுரையீரல், கீழே உடல். உயிர்வளி மிகுந்த இரத்தத்திற்குச் சிவப்பு, கரிவளி மிகுந்த இரத்தத்திற்கு நீலம். அம்புக்குறிகளும் சரியாகவே இருக்கும். ஆனால், அந்தச் சிவப்புக் கோடு எந்த இடத்தில் நீலமாகிறது, ஏன் நீலமாகிறது என்று கேட்டுப் பாருங்கள். விடை எளிதில் வராது. "இரத்தம் சதைக்குள் ஊற்றிவிடுகிறது" என்பார் ஒரு மாணவர். "உடம்புக்குப் போய்த் தீர்ந்துவிடுகிறது, பிறகு புது இரத்தம் வருகிறது" என்பார் இன்னொருவர்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடம் குழாயோடு நின்றுவிடுகிறது. குழாயின் சுவர் எப்படிப்பட்டது, அதன் வழியாக எது போகும், எது போகாது என்னும் செய்திக்குள் அது நுழைவதில்லை. இந்தச் சுவரைத் தமிழ்ப்பள்ளியிலேயே, தமிழிலேயே, நம் பிள்ளைகளின் குடும்பங்கள் அறிந்த பொருள்களைக் கொண்டே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் தேர்வு அன்று. நம் வீடுகளில் இன்று நடந்துகொண்டிருக்கும் நோயே காரணம்.

முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளி

இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-ஆம் ஆண்டில் நூல் எழுதி நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. கையைக் கட்டிப் பார்த்தும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கணக்கிட்டும் அவர் அதை மெய்ப்பித்தார். ஆயினும் தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எவ்வழியாகச் செல்கிறது என்பதை அவரால் காண இயலவில்லை. 1657-இல் அவர் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலியரான மார்செல்லோ மல்பீகி நுண்ணோக்கியின் வழி தவளையின் நுரையீரலை நோக்கியபோதுதான் இரண்டையும் இணைக்கும் தந்துகிகள் கண்ணுக்குத் தெரிந்தன.

நம் மாணவரின் படத்தில் இருக்கும் இடைவெளி ஹார்வியின் நூலிலும் இருந்தது. அறிவியல் அதை நிரப்பி முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வகுப்பறையிலும் நிரப்ப வேண்டாமா?

மூன்று குழாய், மூன்று சுவர்

தமனி, சிரை, தந்துகி என்று பெயர்களை மனனம் செய்யச் சொல்வதைவிட, ஒவ்வொன்றின் சுவரும் அதன் வேலைக்கு எப்படிப் பொருந்துகிறது என்று காட்டுவது எளிது.

தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. உள்ளே வழவழப்பான, ஒற்றை உயிரணுத் தடிப்புள்ள அடுக்கு. நடுவில் தசையும் மீள்தன்மையுள்ள இழைகளும் கொண்ட தடித்த அடுக்கு. வெளியே உறுதியான நார் அடுக்கு. இதயம் விசையுடன் தள்ளும் இரத்தத்தைத் தாங்கி, விரிந்து, மீண்டும் சுருங்குவதற்கே இந்தத் தடிப்பு. மணிக்கட்டில் விரலை வைத்தால் தெரியும் துடிப்பு அந்த விரிவும் சுருக்கமுமே.

சிரைக்கும் மூன்று அடுக்குகள் உண்டு. ஆனால் சுவர் மெலிந்தது. உள்ளே அழுத்தம் குறைவு. காலிலிருந்து இதயத்திற்கு இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வழியில் வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது காலின் தசைகள் சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. வால்வுகள் அது கீழே இறங்காமல் தடுக்கின்றன.

தந்துகிக்கு ஒரே ஓர் உயிரணு அடுக்குதான் சுவர். அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் 5 முதல் 10 பங்குதான். சிவப்பணுவின் விட்டமே 7 முதல் 8 பங்கு. ஆகவே, பல இடங்களில் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உடலை வளைத்துக்கொண்டுதான் செல்ல முடியும். பெருந்தமனியில் ஒரு விநாடியில் பல சென்டிமீட்டர் ஓடும் இரத்தம், தந்துகியில் ஒரு விநாடியில் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. கொடுக்கவும் வாங்கவும் நேரம் வேண்டுமல்லவா? தமனியும் சிரையும் சாலைகள் என்றால், தந்துகிதான் பொருள் இறங்கி ஏறும் இடம். இரத்தம் குழாயை விட்டு வெளியேறுவதில்லை; அதிலுள்ள பொருள்களே சுவரைக் கடந்து வெளியேறுகின்றன. இந்த ஒரு வாக்கியம் பிள்ளைக்குப் புரிந்தால் பாடத்தின் பாதி புரிந்துவிடும்.

கடக்கும் வழிகள்

தந்துகியைக் கடந்தபின் உயிரணுவின் சவ்வு என்னும் இரண்டாம் சுவர் வருகிறது. அது கொழுப்புப் பொருளால் ஆன மிக மெல்லிய இரட்டைப் படலம். அதைக் கடக்கும் வழிகளை நான்காகச் சொல்லலாம்.

1. பரவல். மிகுதியாக உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்திற்குத் தானே நகர்தல். தோட்டத்துப் பால் கொட்டகையில் அம்மோனியாவைத் திறந்தால் மூலையில் நிற்பவருக்கும் வாடை எட்டுவது போல. உயிர்வளியும் கரிவளியும் இவ்வாறே சவ்வைக் கடக்கின்றன. பரவல் சிறு தொலைவுக்கே விரைவாக நடக்கும். அதனால்தான் உடலெங்கும், ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவுக்கும் அருகில், ஒரு தந்துகி இருக்கிறது.

2. கதவு வழிப் பரவல். சர்க்கரை கொழுப்புப் படலத்தைத் தானே கடக்க முடியாது. அதற்கெனப் புரதத்தால் ஆன கதவுகள் வேண்டும். தசையிலும் கொழுப்பிலும் உள்ள உயிரணுக்கள் அந்தக் கதவுகளைப் போதிய அளவு சவ்வுக்குக் கொண்டுவர இன்சுலினின் கட்டளை வேண்டும்.

3. சவ்வூடு பரவல். கரைபொருள் மிகுந்த பக்கத்திற்கு நீர் சவ்வின் ஊடே நகர்தல். உப்பிட்ட மாங்காய் நீர் விடுவது நம் அடுப்படியிலேயே காணும் காட்சி. நீர் கடந்து செல்வதற்கென்றே உயிரணுச் சவ்வில் தனிப் புரதத் துளைகள் உள்ளன. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

4. செயல்மிகு கடத்தல். குறைவாக உள்ள இடத்திலிருந்து மிகுதியாக உள்ள இடத்திற்கு, ஆற்றலைச் செலவிட்டுத் தள்ளுதல். நம் உயிரணுக்கள் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1971-இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காட்டை எட்டிய இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. குடலின் உயிரணுச் சவ்வில் சர்க்கரையும் சோடியமும் சேர்ந்தே நுழையும் ஒரு கதவு இருக்கிறது; அவை நுழைந்தால் நீரும் பின்தொடரும். வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு இன்று கிளினிக்கில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தின் பொருள் இதுதான்.

பால்மரம் சொல்லித் தரும் பாடம்

கெடாவில் இருக்கும் நமக்கு, சவ்வூடு பரவலைக் கற்பிக்க இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது பால்மரம்.

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் நம் மூத்தோர் இருள் பிரியுமுன் பிரட்டுக்குப் போய், தலைவிளக்கின் ஒளியில் நிரை பிடித்து மரம் வெட்டியவர்கள். ஏன் விடியுமுன்? "வெயில் ஏறினால் பால் குறையும்" என்று அவர்கள் சொல்வார்கள். அது வெறும் பழக்கச் சொல் அன்று, அறிவியல் உண்மை.

பால்மரத்தின் பட்டைக்குள், உட்பகுதியில், பால்குழாய்கள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. உயிருள்ள உயிரணுக்கள் வரிசையாக நின்று, இடைச்சுவர்கள் கரைந்து, ஒன்றாகி உருவான குழாய்கள் அவை. அவற்றினுள் இருக்கும் பாலில் கரைபொருள்கள் மிகுதி. எனவே, சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நீர் சவ்வூடு பரவலால் உள்ளே நுழைந்து குழாயை விம்மச் செய்கிறது. மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பட்டரி, போட்மன் என்னும் ஆய்வாளர்கள் பால்குழாயின் உள்ளழுத்தத்தை நேரடியாக அளந்து 1964-இல் வெளியிட்டனர். விடியற்காலையில் அது காற்றழுத்தத்தைப் போல் பத்து மடங்கு அளவுக்கு இருக்கும். கார் டயரில் உள்ள அழுத்தத்தைவிடப் பன்மடங்கு! வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக வெளியிடுகின்றன, மரத்தில் நீர் குறைகிறது, அழுத்தமும் இறங்குகிறது. மங்கில் விழும் பாலும் குறைகிறது.

வெட்டியவுடன் பால் பாய்வதற்குக் காரணம் இந்த அழுத்தம். பாயப் பாய அழுத்தம் குறைய, அக்கம்பக்கத்து நீர் மேலும் உள்ளே நுழைந்து பாலை நீர்க்கச் செய்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் பால் நின்றுவிடுகிறது. ஏன்? பாலில் மிதக்கும் நுண்பைகளின் சவ்வு உடைந்து, உள்ளிருக்கும் பொருள் வெளிவந்து, வெட்டுவாயில் பாலை உறையச் செய்கிறது. நம் விரலில் வெட்டுப்பட்டால் இரத்தத்தட்டுகள் கூடி இரத்தத்தை உறையவைப்பதை இதனோடு ஒப்பிட்டுக் காட்டலாம். மறுமுறை வெட்டும்போது உருவி எடுக்கும் கோட்டுப்பால் அந்த உறைவுதான்.

பால்குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து செல்கின்றன. இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழ் நோக்கி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். கத்தி ஆழமாக இறங்கினால் பட்டையைப் புதுப்பிக்கும் திசு காயப்படும். ஆழம் போதாவிட்டால் உள் வளையக் குழாய்கள் அறுபடா. ஒரு மில்லிமீட்டர் கணக்கில் இந்த வேலையைச் செய்த கைகள் நம் தாத்தா பாட்டியின் கைகள். அவர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்வது பொருந்துமா?

ஒன்றை மட்டும் மாணவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மரத்திற்கு இதயம் இல்லை. பால் மரத்தைச் சுற்றி ஓடுவதும் இல்லை. ஒப்புமை சுவருக்கும் அழுத்தத்திற்கும்தான், சுழற்சிக்கு அன்று.

நம் வீட்டில் நடப்பது

இனி, இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவர். ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்தால், வீட்டில் யாருக்கேனும் 'இனிப்பு நீர்' இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நீரிழிவு என்பது சுவரின் நோய். கதவு சரியாகத் திறக்காததால் சர்க்கரை உயிரணுவுக்குள் போகாமல் இரத்தத்திலேயே தங்குகிறது. உயிரணு பசியோடு இருக்க, குழாயில் சர்க்கரை நிறைந்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அவ்வாறு இருந்தால் குழாய்ச் சுவர்கள் பழுதடைகின்றன. கண்ணிலும் சிறுநீரகத்திலும் உள்ள மிகச் சிறிய குழாய்கள் முதலில் அடிபடுகின்றன.

சிறுநீரகம் முழுவதும் தந்துகிச் சுவர்களின் வேலைதான். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, ஒன்று இரண்டு லிட்டரை மட்டுமே சிறுநீராக வெளியேற்றுகின்றன. அந்த வடிகட்டிச் சுவர் பழுதானால் இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் கசிகிறது. நீரைக் குழாய்க்குள் இழுத்து வைத்திருப்பதில் அப்புரதத்திற்குப் பெரும் பங்கு உண்டு. அது குறைந்தால் நீர் திசுக்களில் தங்கும், கால் வீங்கும். பாட்டியின் வீங்கிய காலை அழுத்தினால் குழி விழுவதற்குப் பின்னால் சவ்வூடு பரவல் இருக்கிறது. (கால் வீக்கத்திற்கு வேறு காரணங்களும் உண்டு, மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.)

சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தால் இரத்தச் சுத்திகரிப்பு. 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கொல்ஃப் செலோபேன் குழாயைச் சவ்வாக வைத்து இதைத் தொடங்கினார். இன்றைய இயந்திரத்திலும் கோட்பாடு அதுவே. சவ்வின் ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் சுத்திகரிப்பு நீர்மம். கழிவு பரவலால் கடந்து போகிறது. வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் சாய்ந்திருக்கும் உறவினர் நம்மில் பலருக்கு உண்டு.

"மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் சிறுநீரகம் கெட்டுப்போச்சு" என்னும் பேச்சை நம் சமூகத்தில் கேளாதார் இல்லை. அதை நம்பி, மருத்துவரைக் கேளாமல் நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிடுவோரும் இருக்கின்றனர். அடங்காத சர்க்கரையே சிறுநீரகத்தின் சுவரை அரிக்கிறது. மாத்திரை அந்தச் சர்க்கரையைக் குறைக்கிறது. சுவரைப் பற்றிய பாடத்தைப் புரிந்துகொண்ட பத்து வயதுப் பிள்ளையால் இதைத் தன் தாத்தாவிடம் எடுத்துச் சொல்ல முடியும். ஆனால் எந்த மொழியில் சொல்லும்?

ஒரே குழாய்க்கு மூன்று பெயர்

தாத்தா தோட்டத்துத் தமிழில் பேசுபவர். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறின. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் படித்தவர்களில் பலர் இன்று இளம் பெற்றோர். அவர்களுக்கு இந்தச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் தெரியும். பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்ச் சொற்களைச் சந்திக்கும். ஒரே வீட்டில் ஒரே குழாய்க்கு மூன்று பெயர். மூவரும் கூடிப் பேச ஒரு சொல் இல்லை.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860-களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். இன்று தமிழ்நாடு தமனி, சிரை என்னும். இலங்கை நாடி, நாளம் என்னும். வேறுபாடு இருந்தால் என்ன? வகுப்பில் ஒன்றைத் தேர்ந்து நிலையாகப் பயன்படுத்தினால் போதும். ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் மலாய்ச் சொல்லையும் பக்கத்தில் எழுதிக் காட்டிவிடலாம்:

தமனி – ஆர்த்தேரி
சிரை – வேனா
தந்துகி – கப்பிலாரி
பரவல் – ரெசாப்பான்
சவ்வூடு பரவல் – ஓஸ்மோசிஸ்
செயல்மிகு கடத்தல் – பெங்காங்குத்தான் அக்திஃப்

தமிழில் கருத்தைப் பிடித்த பிள்ளைக்கு நான்காம் படிவ உயிரியலில் இச்சொற்கள் பழைய நண்பர்களின் புதுப் பெயர்களாகவே தோன்றும். நம் கெடாவின் செமிலிங்கிலேயே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. பால்மரம் வெட்டியவரின் பேரப்பிள்ளை அங்கே மருத்துவம் படிக்க முடியும். அதற்கான முதற்படி ஐந்தாம் ஆண்டு வகுப்பறையில் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

"பாடத்திட்டத்தில் இல்லை, நேரமும் இல்லை" என்பார்கள். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. தேர்வுக்கு வராததைத் தொடக்கூடாது என்னும் தயக்கத்திற்கு இனி முன்னிருந்த வலுவில்லை. "பத்து வயதுக்கு இது அதிகம்" என்பார்கள். 'சவ்வூடு பரவல்' என்னும் சொல் வேண்டுமானால் பின்னர் வரட்டும். மெல்லிய சுவர், அதில் போவதும் போகாததும் என்னும் கருத்து பத்து வயதுக்கு எட்டாததன்று.

ஆசிரியர்களுக்கு: ஒரு முட்டையைக் காடியில் ஊறவைத்து ஓட்டைக் கரையுங்கள். மிஞ்சும் சவ்வு முட்டையை ஒரு நாள் நீரிலும், மறுநாள் அடர்ந்த சர்க்கரைப் பாகிலும் வைத்து எடைபோடச் சொல்லுங்கள். நீரில் உப்பும், பாகில் சுருங்கும். செலவு இரண்டு மூன்று வெள்ளிதான். மரம் வெட்டிய ஒரு தாத்தாவையோ பாட்டியையோ வகுப்பிற்கு அழைத்து, கத்தியைப் பிடிக்கும் முறையையும் விடியுமுன் வெட்டியதன் காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள். பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. தாமான் வீடுகளில் வளரும் பிள்ளைகள் பால்மரத்தைக் கண்டதே இல்லை. அந்த அறிவைச் சொல்ல வல்லோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.

பெற்றோர்களுக்கு: பிள்ளை பாடம் கற்று வரும் வாரத்தில், வீட்டில் உள்ள மருத்துவமனைச் சிகிச்சைப் புத்தகத்தைப் பிள்ளையோடு அமர்ந்து பாருங்கள். சர்க்கரை அளவு எவ்வளவு, சிறுநீரில் புரதம் உண்டா என்று சேர்ந்து படியுங்கள். பிள்ளையை அச்சுறுத்த வேண்டாம், புரிய வையுங்கள். புரியாத சொல்லை அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கக் குறித்து வையுங்கள்.

அடுத்த முறை மாணவர் சிவப்பும் நீலமும் தீட்டி இரத்த ஓட்டப் படத்தைக் கொண்டுவந்தால், இரு நிறங்களும் சந்திக்கும் இடத்தைப் பெரிதாக்கி இன்னொரு படம் வரையச் சொல்வோம். ஒற்றை அடுக்குச் சுவர், அதற்கப்பால் ஓர் உயிரணு, இரண்டிற்கும் இடையே போய்வரும் பொருள்கள். அந்தப் படத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாத்தாவிடமும் பாட்டியிடமும் காட்டிப் பேசட்டும்.